அலெக்ஸாண்ட்ரியாவில் என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள சார்,

நவம்பர் நடுவில் நானும் மனைவியும் எகிப்து போகிறோம். கெய்ரோ, லக்சர் பார்த்ததுபோக இரண்டு நாள் மிச்சம். அலெக்ஸாண்ட்ரியா போக எனக்கு ஆசை. போய்வந்த நண்பர் ஒருவர், “அங்க என்ன இருக்கு? லைப்ரரி எரிஞ்சுபோச்சு, கலங்கரை விளக்கம் விழுந்துபோச்சு. மழை வேற” என்கிறார். நீங்கள் போயிருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். போகலாமா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

போங்கள். உங்கள் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. லக்சரின் தூண்களைப் பார்த்த கண்ணோடு வந்து இறங்கினால் இந்த ஊர் ஏமாற்றத்தான் செய்யும். இங்கே பழசெல்லாம் தரைக்கு அடியில் கிடக்கிறது, இல்லையென்றால் தண்ணீருக்கு அடியில்.

கலங்கரை விளக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1303 பூகம்பத்தில் அதற்குப் பலத்த அடி. 1326இல் வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, ஒரு பக்கம் இடிந்து நின்றதைப் பார்த்திருக்கிறார். 1349இல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவே முடியவில்லை என்கிறார். (இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர் நம் மதுரைவரை வந்து போனார்.) 1477இல் எகிப்தை ஆண்ட சுல்தான் கைத்பே அதே இடத்தில் கோட்டை கட்டத் தொடங்கினார். விழுந்த கற்களில் கொஞ்சம் கோட்டைச் சுவருக்குப் போயிற்று, மிச்சம் கடலில் கிடந்தது. 1994இல்தான் ஆய்வாளர்கள் முங்கிப் பார்த்து முறையாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் கோம் எல் ஷுகாஃபா. பாறைக்குள் குடைந்த ரோமானியர் காலத்துக் கல்லறை. 1900இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் கண்டுபிடித்தார்கள் என்பது கதை. சுழல்படியில் இறங்க வேண்டும். நடுக்கிணற்றின் வழியே பிணத்தைக் கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள். கீழே ஒரு சாப்பாட்டுக்கூடம் உண்டு. உறவுக்காரர்கள் வந்து சாப்பிட்டுவிட்டு, சட்டிகளை வீட்டுக்கு எடுத்துப்போக மனமில்லாமல் அங்கேயே உடைத்துப் போட்டார்களாம். அந்த ஓட்டாஞ்சில்லுகள் குவிந்த மேடு என்பதுதான் பெயரின் பொருள். உள்ளே எகிப்தியர்களின் நரித்தலைச் சாவுக் கடவுள் அனுபிஸ் ரோமானியச் சிப்பாயின் உடுப்பில் நிற்பான். நம்ம ஊர் ஐயனார் கோவிலில் போலீஸ்காரர் சிலை பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை.

பக்கத்தில் பாம்பேயின் தூண் என்று ஒன்று காட்டுவார்கள். ரோமானியத் தளபதி பாம்பேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பின்னால் வந்த ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக நட்டது. பத்து நிமிஷம் போதும்.

அப்புறம் மழை. கோடையில் கெய்ரோக்காரர்கள் பாதிப்பேர் இங்கேதான் கிடப்பார்கள். நவம்பரில் குடை, நாற்காலியெல்லாம் மடக்கிவிட்டு ஊர் ஊர்க்காரர்களிடம் திரும்பியிருக்கும். இங்குள்ள மீனவர்களிடம் குளிர்காலப் புயல்களுக்கென்றே ஒரு காலண்டர் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நவம்பர் 16 வாக்கில் வருவது ‘மக்னஸா’. அரபியில் விளக்குமாறு என்று அர்த்தம். நம் கணக்கில் கிட்டத்தட்ட கார்த்திகை ஒன்று.

நான் போயிருந்தபோது அது ஒரு நாள் தாமதம். வராது என்று நம்பிக் கடற்கரைச் சாலையில் சுவரோரமாக நடந்தேன். ஒரே அலை, சுவரைத் தாண்டி வந்து செருப்பிலிருந்து மூக்குக்கண்ணாடிவரை நனைத்துவிட்டுப் போனது. எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் உள்ளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏற்கெனவே இரண்டு பேர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். புதினா போட்ட கடுந்தேநீர் குடித்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிட்டது. ஆகவே குடை கொண்டுபோகாதீர்கள், அந்தக் காற்றில் நிற்காது. ரெயின்கோட் போதும்.

இரவுச் சாப்பாட்டுக்கு, கடலோரத்தில் இருக்கும் அன்ஃபூஷி என்ற பேட்டைப் பக்கம் போங்கள். மீனை நீங்களே பொறுக்கி எடை போட்டுக் கொடுத்தால் கோதுமைத் தவிட்டில் புரட்டிச் சுட்டுத் தருவார்கள். தட்டில் கரிக்கட்டை மாதிரி வரும். தோலை உரித்தால் உள்ளே பூ மாதிரி வெள்ளை. தீய்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன்.