நிற்கிற மரத்தை எப்படி எழுதுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நண்பர்களோடு விழுப்புரம் பக்கம் போய் ஒரு வாரம் நிவாரண வேலை செய்தேன். அரிசி, பாய், போர்வை என்று இரண்டு வேன் கொண்டுபோனோம். மக்கள் தண்ணீரில் நிற்கும்போதும் கட்சிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மத்திய அரசு பணம் தரவில்லை என்கிறார் ஒருவர், தந்ததை ஒழுங்காகச் செலவு செய்யவில்லை என்கிறார் இன்னொருவர். பார்வையிட வந்த அமைச்சர் மீது சேற்றை வீசினார்கள். பேரிடர் நேரத்திலாவது அரசியலை ஒதுக்கிவைக்கக் கூடாதா? உண்மையான காரணம் பருவநிலை மாற்றம். அதற்கு எந்தக் கட்சி என்ன செய்துவிட முடியும்? என்னளவில் பிளாஸ்டிக்கைக் குறைத்திருக்கிறேன், அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறேன். அடுத்த புயலுக்கும் இதேபோல் கிளம்பிப் போகலாமா, பணமாகக் கொடுத்துவிடுவது நல்லதா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவின் 2019ஆம் வருஷத்து டைரி கைக்கு வந்தது. அதில் ஒரு பக்கத்தைப் பார்த்ததிலிருந்து வேறு எதுவும் எழுத ஓடவில்லை. திரும்பி வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று பட்டது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரத்தில், முன்பின் தெரியாத ஊரில் போய் ஒரு வாரம் பாயும் போர்வையும் சுமந்த பிள்ளை நீங்கள். அதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. உங்கள் அம்மா அந்த ஒரு வாரம் எப்படித் தூங்கியிருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் 'பேரிடரில் அரசியலை ஒதுக்கிவைக்கக் கூடாதா' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கே எனக்குக் கோபம் வந்தது. நன்றாகப் படித்த பிள்ளைகள் எல்லோரும் இதே வரியைச் சொல்கிறீர்கள். சாத்தனூர் அணையிலிருந்து எவ்வளவு தண்ணீரை எந்த நேரத்தில் திறப்பது, கீழே தென்பெண்ணைக் கரையில் படுத்திருப்பவர்களுக்கு அதை எப்போது சொல்வது, ஒரு ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாயா 6,000 ரூபாயா, எந்த மாவட்டம் பட்டியலுக்குள், எது வெளியே என்று முடிவு செய்வதெல்லாம் அரசியல் இல்லாமல் வேறு என்ன? அரசியலை ஒதுக்கிவைத்தால் முடிவு எடுத்தவரை யாரும் கேள்வி கேட்க முடியாது, அவ்வளவுதான் நடக்கும். 1970 நவம்பரில் போலா புயல் கிழக்குப் பாகிஸ்தானில் மூன்று லட்சம் பேருக்கு மேல் கொன்றது. மேற்கிலிருந்த ராணுவ அரசு மெத்தனமாக இருந்தது. அதையொட்டி வந்த தேர்தலில் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் பிடித்தது, அடுத்த வருஷம் வங்கதேசம் என்று ஒரு நாடே பிறந்தது. புயல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாதுதான், ஆனாலும் பிணங்களுக்கு நடுவில் நின்ற அந்த மக்களிடம் போய் அரசியல் பேசாதீர்கள் என்று யார் சொல்லியிருக்க முடியும்? சேறு வீசியது சரியா தப்பா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை.

பிளாஸ்டிக், மெட்ரோ எல்லாம் நல்ல பழக்கம், விடாதீர்கள். அதற்கும் நாம் பேசுவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

கட்சிகள் சண்டை போடுகிறார்கள் என்பது உங்கள் வருத்தம். போட வேண்டிய இடத்தில் போடுவதில்லை என்பது என் வருத்தம். ஃபெஞ்சலுக்கு முதல்வர் இடைக்கால நிவாரணமாக 2,000 கோடி கேட்டார். டெல்லி 944.80 கோடி விடுவித்தது. ஒரு தரப்பு 'பாருங்கள், கொடுத்துவிட்டோம்' என்றது, இன்னொரு தரப்பு 'யானைப் பசிக்குச் சோளப்பொரி' என்றது. அந்த 944.80 கோடி, புயலுக்கென்று புதிதாகக் கொடுத்த பணமே இல்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று இருக்கிறது, அதில் 100 ரூபாய்க்கு 75 ரூபாய் மத்திய அரசு போட வேண்டும், 25 மாநிலம் போட வேண்டும். எப்படியும் வர வேண்டிய அந்தப் பங்கின் இரண்டு தவணைதான் வந்தது. சரி, இதையாவது சில பேர் சொன்னார்கள். அந்தப் பணத்தை எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு அட்டவணை இருக்கிறதே, மாடு செத்தால் இவ்வளவு, சுவர் இடிந்தால் இவ்வளவு, பயிர் போனால் இவ்வளவு என்று, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்த அட்டவணையை எனக்குப் பாடமாக நடத்தியது கஜா புயல்.

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அதற்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எதிர்க்கட்சியே பாராட்டிய முன்னேற்பாடு அது, அதனால் எத்தனையோ உயிர் தப்பியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் மரத்தை முகாமுக்குக் கூட்டிப்போக முடியாதே.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கடைமடை. தண்ணீர் எப்போது வரும், வருமா என்று தெரியாமல் நெல்லோடு போராடிச் சலித்துத் தென்னைக்கு மாறிய ஊர்கள் எங்களுடையவை. சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கரில் 96 மரம். நான் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர முடிந்தது, வழியெல்லாம் மின்கம்பமும் மரமுமாகக் கிடந்தது. தோப்புக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, வெளிச்சம் அதிகமாக இருக்கிறதே என்பதுதான். சின்ன வயதில் நாங்கள் நொண்டி விளையாடிய அந்தத் தோப்பில் நடு மத்தியானத்தில்கூட வெயில் காசு காசாகத்தான் விழும். அன்றைக்குத் தலைக்கு மேல் முழு வானம். மரமெல்லாம் ஒரே பக்கமாக, சீப்பு போட்டு வாரியதுபோலக் கிடந்தது. குரும்பை காலில் இடறியது. சித்தப்பா தோள் துண்டை எடுத்து உதறுவதும் மறுபடி போடுவதுமாக இருந்தார், பேச்சில்லை. எங்கள் பக்கம் தென்னங்கன்றைக் கன்று என்று சொல்ல மாட்டோம், பிள்ளை என்போம். ஒவ்வொரு பிள்ளையும் எந்த வருஷம் வைத்தது, யார் கல்யாணத்துக்கு முன்னால் வைத்தது என்று அவருக்குத் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கணக்கெடுக்க விஏஓ வந்தார். வேரோடு சாய்ந்தது 61, நடுவில் முறிந்தது 13. எழுதிக்கொண்டார். மீதி 22 மரம் நின்றது. அதில் 11 மரத்துக்குக் கொண்டை திருகியிருந்தது, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி. மட்டையெல்லாம் ஒரு பக்கம் தொங்கியது, குருத்து கோணிக்கொண்டு நின்றது. தென்னை வைத்திருக்கும் யாருக்கும் தெரியும், அது செத்த மரம், விழ நாளாகும், அவ்வளவுதான். சித்தப்பா அந்தப் பதினொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். விஏஓ அண்ணாந்து பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார், "நிக்கிற மரத்தை விழுந்ததுன்னு எப்படிங்க எழுதுறது? மேலேருந்து வந்து பாத்தா என் வேலை போயிடும்." அவரைத் திட்டி நான் இதை எழுதவில்லை. அவர் வீட்டு ஓடும் பறந்திருந்தது, மூன்று கிராமத்துக் கணக்கு அவர் ஒருவர் தலையில், கண் இரண்டும் சிவந்து கிடந்தது. அவர் கையில் இருந்த தாளில் சாகப்போகிற மரத்துக்குக் கட்டம் இல்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள், மரம் ஏறுகிற அண்ணன் மேலே போய்க் குருத்தைப் பிடித்தார். கையோடு வந்துவிட்டது. அதைக் கீழே போட்டார். அடிப்பக்கம் கூழாகிப் போய், கிட்டே போக முடியாத நாற்றம். சித்தப்பா குனிந்து அதை எடுத்துப் பார்த்துவிட்டு வரப்பில் வைத்தார், வீசி எறியவில்லை. அன்று ராத்திரி டைரியில் வரிசையாக எழுதியிருக்கிறார், 'கிணற்றடி மரம், கிழக்கு வரப்பு மூன்றாவது, பம்புசெட்டு நெட்டை' என்று பதினொன்றையும். போன வாரம் நான் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன், தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். மாநில அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. நல்ல மரம் வருஷத்துக்கு நூறு காயாவது கொடுக்கும், காய் பத்து ரூபாய்க்குப் போனாலும் 1,000 ரூபாய். ஆக, கிடைத்தது ஏறத்தாழ ஒரு வருஷக் காய். புதுப் பிள்ளை வைத்தால் நெட்டை மரம் காய்க்க ஆறேழு வருஷம். 500 ரூபாய்க்கு வெட்டி அகற்ற ஆள் எங்கே கிடைத்தது? ரம்பம் வைத்திருந்தவர்கள் சொன்னதுதான் விலை. முடியாதவர்கள் மரத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். மட்கிய தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அந்த வண்டு வந்து புதிதாக வைத்த பிள்ளையின் குருத்தைக் குடையும். வெட்டுக்கூலியில் மிச்சம் பிடித்தால் அடுத்த தலைமுறை மரம் போகிறது.

இந்த 1,100ஐயாவது மாநிலம் கொடுத்தது. மத்திய அட்டவணை என்ன சொன்னது தெரியுமா? தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். அதுவும் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால். அதுவும் ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரைக்கும். ஹெக்டேருக்கு 175 மரம் என்பது மாநிலம் போட்ட கணக்கு. வகுத்துப் பாருங்கள், மரத்துக்கு 103 ரூபாய். பிறகு அட்டவணையைத் திருத்தி 22,500 ஆக்கினார்கள், 129 ரூபாய். நாற்பது வருஷம் நின்ற மரத்துக்கு! கஜாவுக்கு மாநிலம் கேட்டது சுமார் 15,000 கோடி, டிசம்பர் 31ஆம் தேதி டெல்லி ஒப்புக்கொண்டது 1,146.12 கோடி. இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி என்று எல்லோரும் கத்தினார்கள். இவர்கள் இழந்ததைக் கணக்குப் போட்டார்கள், அவர்கள் அட்டவணையைக் கணக்குப் போட்டார்கள். டெல்லியில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் அதிகாரி எடுப்பது அந்த அட்டவணையைத்தான். தருவது நிவாரணம், இழப்பீடு அல்ல என்று உள்துறை ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உங்கள் பருவநிலை மாற்றத்துக்கு வாருங்கள். கடல் சூடாகிறது, புயல் சீக்கிரம் வலுக்கிறது, மழை ஒரே இடத்தில் கொட்டுகிறது, எல்லாம் உண்மை. 2022இல் எகிப்தின் ஷாம் எல் ஷேக்கில் வளரும் நாடுகள் எல்லாம் சேர்ந்து நின்று, வெப்பத்தால் எங்களுக்கு ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் பணக்கார நாடுகள் நிதி தர வேண்டும் என்று சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்தன. இந்தியாவும் அந்தப் பக்கம்தான் நின்றது, நியாயமான சண்டை. 'இழப்பு' என்ற அந்தச் சொல்லை அங்கே உலகத்திடம் கேட்கிற அரசு, இங்கே என் சித்தப்பாவிடம் வந்தால் நிவாரணம் மட்டும்தான் என்கிறது. இது எப்படி நியாயம்? பருவநிலை மாற்றத்துக்கு எந்தக் கட்சி என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்களே, இதைச் செய்யலாம். அட்டவணையில் மரத்துக்கு வயது போடலாம். ஆறு மாதம் கழித்து இரண்டாவது கணக்கெடுப்பு வைக்கலாம். நிலமில்லாதவருக்கு ஒரு கட்டம் போடலாம்.

நிலமில்லாதவர் என்றதும் பக்கத்து வீட்டு அத்தை ஞாபகம் வருகிறது. கீற்று முடைந்து பிழைத்தவர். புயல் முடிந்த மூன்று மாதம் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை, ஊரெல்லாம் ஓலை, ஊரெல்லாம் கூரை இல்லாத வீடு. விரல் நுனி வெடித்து மஞ்சள் அப்பிக்கொண்டு முடைந்தார். அப்புறம் ஓலையே இல்லை. வருஷக் கணக்கில் இல்லை. சாய்ந்த மரம் ஒன்றும் அவருடையது இல்லை என்பதால் மரத்துக்கென்று அவருக்கு ஒரு பைசா வரவில்லை. திருப்பூருக்கு மகளோடு போய்விட்டார்.

பணமா பொருளா என்று கேட்டிருந்தீர்கள். எது முடிகிறதோ அதைச் செய்யுங்கள், போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஆனால் கார்த்திகையில் போன ஊருக்குத் தை மாதம் இன்னொரு தடவை போங்கள். அப்போது வேன் வேண்டாம், ஒரு நோட்டு போதும். நின்றது எதெல்லாம் பிறகு செத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து, இங்கே எனக்கு அனுப்புங்கள். விழுப்புரத்தில் நீங்கள் பாய் கொடுத்த வீடுகளில் இருந்தே தொடங்கலாம், அவர்களுக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு நடை எங்கள் ஊருக்கு வாருங்கள். சித்தப்பாவுக்கு 76 ஆகிறது, தோப்பை இன்னும் அவர்தான் சுற்றிக் காட்டுவார். பதினொன்றில் பம்புசெட்டு நெட்டையை மட்டும் அவர் வெட்டவிடவில்லை. தலையில்லாமல் நிற்கிறது.

அன்புடன்,
அக்கா