வான்கோழி வேட்டை கற்க தாத்தா தேவையில்லை

கேள்வி: பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் அருகே இருக்கிறேன். வயது 41. எச்-1பி விசா. பக்கத்து வீட்டுப் பெரியவர் வசந்தகால வான்கோழி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே எல்லோரும் அப்பாவிடமும் தாத்தாவிடமும் சிறு வயதிலேயே கற்றவர்கள். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. எங்கிருந்து தொடங்குவது? விசாவில் இருப்பவன் துப்பாக்கி எடுக்கலாமா? இணையத்தில் ஒருவர் 'பறவை நிச்சயம்' என்று மூன்று நாளுக்கு 1,800 டாலர் கேட்கிறார். பாதியை இந்த வாரமே கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தத் தாத்தா விஷயத்தைப் பேசிவிடலாம். உங்களைப் போல எனக்குக் கடிதம் எழுதுகிற நம்மவர்கள் பலர் அங்கேதான் தயங்கி நிற்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடமே கேட்டுப் பாருங்கள், அவருடைய தாத்தா காட்டு வான்கோழியைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்று. காடுகளை வெட்டியதாலும், சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டதாலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பறவை பல மாநிலங்களில் அழிந்துபோயிருந்தது. மாசசூசெட்ஸில் 1851-லேயே முடிந்துவிட்டது. பென்சில்வேனியாவில் தென்மத்திய மலைத்தொடர்களில் மட்டும் கொஞ்சம் தப்பிப் பிழைத்தது. அப்புறம் பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே வீணாயின. நரி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, இரவில் எந்த மரத்தில் ஏறுவது என்பதைக் குஞ்சுக்குத் தாய்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். பண்ணைக் குஞ்சுக்கு ஏது தாய்? மிச்சமிருந்த அசல் காட்டுப் பறவைகளை, வெடித்துப் பாயும் பெரிய வலைகளால் உயிரோடு பிடித்து வேறு காடுகளில் விட்ட பிறகுதான் பறவை திரும்பி வந்தது. நியூயார்க்கில் பிடித்த 37 பறவைகளை 1972, 73-இல் மாசசூசெட்ஸின் பெர்க்‌ஷயர் மலையில் விட்டார்கள். இன்று அந்த மாநிலத்தில் பல்லாயிரம் பறவைகள் இருக்கின்றன.

பென்சில்வேனியாவில் வசந்தகாலச் சேவல் வேட்டைக்கு முதன்முதலில் அனுமதி கொடுத்தது 1968-இல். இலையுதிர்காலத்தில் சுட்ட அனுபவம் சிலருக்கு இருந்தது. ஆனால் வசந்தத்தில் பெட்டை போலக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைக்கும் வித்தையை அந்த வருடம் காட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்கு அப்பாவும் சொல்லித்தரவில்லை, தாத்தாவும் சொல்லித்தரவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, சொதப்பி, தாங்களாகவே கற்றார்கள். உங்களுக்கும் அதே வழிதான்.

அந்த வித்தையின் மூலவர்கள் இந்த மண்ணின் பழங்குடி மக்கள். வான்கோழியின் இறக்கை எலும்புகளைக் குழலாக இணைத்து, உதட்டில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பெட்டையின் குரல் அப்படியே வரும். ஆர்கன்சாவின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் ஒரு மரப்பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று கடையில் கிடைக்கும் பாக்ஸ் கால் அதன் வாரிசு. மூடியின் அடிப்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, பெட்டியின் விளிம்பில் மெல்ல இழுத்தால் 'கியோக், கியோக்' என்று சத்தம் வரும். புதியவருக்கு இது ஒன்றே போதும்.

இந்த வேட்டையில் அடிப்படையாகப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். சேவல் இரவில் மரத்தில் அடையும். விடியும்போது அங்கிருந்தே தொண்டை கிழியக் கத்தும். அதைத்தான் 'காபிள்' என்கிறார்கள். அதைக் கேட்டுப் பெட்டை சேவலிடம் போகும், அதுதான் இயற்கை. நாமோ சேவலைப் பெட்டையிடம் நடந்துவரச் சொல்கிறோம். அதனால்தான் அது பாதி வழியில் நின்றுகொண்டு, நீ வா என்று ஒரு மணி நேரம் விறைப்பாக நிற்கிறது. நாம் பொறுமை இழந்து எழுந்தால் அன்றைய வேட்டை அதோடு சரி.

என் முதல் வசந்தத்தில் நான் துப்பாக்கி இல்லாமல்தான் போனேன். ஒரு ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து இருட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஆந்தை அலறியது. உடனே எதிர்ச் சரிவிலிருந்து காபிள் சத்தம், ஒரே ஒரு முறை. அப்புறம் நாற்பது நிமிடம் நிசப்தம். பிறகு தூரத்தில் நிறுத்திவைத்த லாரியின் இன்ஜின் ஓடுவதுபோல ஒரு உறுமல், காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் அதிர்ந்தது. எங்கிருந்து என்று தலையை நான்கு விரற்கடை திருப்பினேன். என் வலப்பக்கம் இருபதடியில் சேவல் வாலை விரித்து நின்றிருந்தது. தலை வெள்ளையும் நீலமும், கழுத்துச் சதை இரத்தச் சிவப்பு. நான் பார்த்த அதே நொடியில் அது காணாமல் போனது. அதற்கு மோப்பம் குறைவு. ஆனால் பக்கவாட்டில் அமைந்த கண்களால் கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும். எந்த வீடியோவும் எனக்கு இதைச் சொல்லித்தந்திருக்காது.

இனி விசா. இதை நிதானமாகப் படியுங்கள்.

1998 முதல் கூட்டரசுச் சட்டம் சொல்வது இது: தற்காலிக விசாவில் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி அதில் அடங்கும். ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. இந்த விலக்கைத்தான் ஆளாளுக்குத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பயிற்சி வகுப்புச் சான்றிதழ் லைசென்ஸ் ஆகாது. விண்ணப்பித்த ரசீதும் ஆகாது. நண்பருடைய லைசென்ஸ் உங்களைக் காக்காது. பென்சில்வேனியா லைசென்ஸ் ஜூன் 30-உடன் முடிகிறது. ஜூலை 1 காலையில், புதுப்பிக்காத உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு ஷாட்கன் இருந்தால், அல்லது கார் டிக்கியில் மறந்துபோன நாலு தோட்டா இருந்தால், அதுவே குற்றம். உச்சபட்ச தண்டனை 15 ஆண்டு சிறை. நாடு கடத்தவும் அது காரணமாகும். பக்கத்து வீட்டுக்காரர் பாசத்தோடு "இதைக் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க" என்று நீட்டுவார். லைசென்ஸ் இல்லாத நாளில் வாங்காதீர்கள். அவருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முதல் முறை லைசென்ஸ் வாங்குபவருக்கு இந்த மாநிலத்தில் பயிற்சி வகுப்பு கட்டாயம். வகுப்பறைப் பயிற்சி இலவசம். அங்கே துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் பழக்கினால்? தொடுவதற்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்கு வகுப்பு வேண்டும். இத்தனை வருடமாக இந்த முடிச்சை அவிழ்க்க யாருக்கும் மனமில்லை. ஒரு வரி தெளிவுரை போதும், அதுகூட விதிப்புத்தகத்தில் நம் கண்ணில் படும்படி இல்லை! நீங்கள் வகுப்பு தொடங்கும் முன்பே பயிற்றுநரிடம் விசாவைச் சொல்லி, பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அந்தச் செலவு வீண் இல்லை. லைசென்ஸ் வந்த பிறகும் முதல் வருடம் துப்பாக்கி வாங்க வேண்டாம். பெரியவர் கூட இருக்கும்போது அவருடையதை எடுங்கள், காட்டிலிருந்து திரும்பியதும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த 1,800 டாலர் ஆசாமி. காட்டுப் பறவைக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. முப்பது வருடம் பழகியவர்கள்கூடப் பல சீசனில் வெறுங்கையோடு வருகிறார்கள். 'நிச்சயம்' என்றால் பெரும்பாலும் வேலிக்குள் விட்ட பண்ணைப் பறவை என்று அர்த்தம். அதற்குக் கறிக்கடைக்கே போகலாம். எந்த மாநிலம், யாருடைய நிலம், நில உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறாரா என்று மூன்று கேள்வி கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். நேரான ஆளாக இருந்தால் அன்றைக்கே பதில் வரும். பென்சில்வேனியாவில் மட்டும் 15 லட்சம் ஏக்கர் ஸ்டேட் கேம் லேண்ட்ஸ், அதாவது மாநில அரசின் வேட்டை நிலம், இருக்கிறது. லைசென்ஸ் உள்ள எவரும் காசில்லாமல் நுழையலாம்.

இவர்களைவிட எனக்குக் கோபம் வருவது போலி லைசென்ஸ் தளங்கள் மீது. என் முதல் வருடத்தில் தேடலில் மேலே வந்த ஒரு தளத்தில், அரசுச் சின்னம் போலவே இருந்ததை நம்பி, சமூகப் பாதுகாப்பு எண் உட்பட எல்லாம் கொடுத்து 40 டாலர் கட்டினேன். வந்தது லைசென்ஸ் எப்படி வாங்குவது என்ற ஒரு பிடிஎஃப். உண்மையான லைசென்ஸுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள், சட்டம் அப்படி. அதனால்தான் எங்கே கொடுக்கிறோம் என்பது முக்கியம். வேட்டையை நிர்வகிக்கும் அரசு அமைப்பான மாநில கேம் கமிஷனின் சொந்தத் தளம், அல்லது அதன் அங்கீகாரம் பெற்ற கடை. தேடல் விளம்பரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

பாதுகாப்பில் சிலதை இப்போதே மனதில் வையுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கும் தெரியக் கூடாது, காலுறையிலும் கைக்குட்டையிலும்கூட. சேவலின் தலை அதே நிறங்கள்தான். தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். காபிள் கேட்ட திசையில் பதுங்கிப் போகாதீர்கள். அங்கே கத்துவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். வசந்தத்தில் இந்த மாநிலத்தில் அப்படிப் போவது சட்டவிரோதமும்கூட. யாராவது உங்களை நோக்கி வந்தால் கையை அசைக்க வேண்டாம், சத்தமாகப் பேசுங்கள். வசந்தத்தில் மார்பில் தாடி (மயிர்போன்ற இறகுக் கொத்து) தொங்கும் பறவையை மட்டும் சுடலாம். சுட்ட பறவையை ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்கி வாருங்கள்.

பெரியவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'சீசன் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் திறக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்னால், துப்பாக்கி இல்லாமல், ஒரு விடியலில் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், பறவைகள் எங்கே அடைகின்றன என்று காட்டுங்கள்.' பாக்ஸ் காலை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சீசனுக்கு முன் காட்டில் அதை இழுத்துப் பழகினால், வந்து ஏமாந்த சேவல் அடுத்த முறை வராது. சூரியன் உதிக்க ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். தெர்மாஸில் காபி இருக்கட்டும், ஏப்ரலிலும் அங்கே குளிரும்.