கேலிச்சித்திரம் வரைகிற பையனை சி.எஸ்.இ.யில் தள்ளாதீர்கள்

பிளஸ் டூ முடித்த மகன் கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கம் முழுக்கத் தாலுகா ஆபீஸ் வரிசையையும் ஃபைல் மேல் தூங்கும் கிளார்க்கையும் வரைந்து வைத்திருக்கிறான். பெரிய மாமா மேனேஜ்மென்ட் கோட்டாவில் சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்) சீட் பேசிவிட்டார். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் வைக்காதீர்கள்.

"முதலில் ஒரு டிகிரி, பிறகு பிடித்ததைச் செய்யட்டும்" என்கிறார் மாமா. மனம் ஒட்டாத பையன் இரண்டாம் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர் வைப்பான். அரியரோடு இருப்பவனைப் பெரும்பாலான கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே விடமாட்டார்கள். கடன் மட்டும் நிற்கும்.

அனிமேஷனில் தொடங்கி சினிமா இயக்குநரான டெர்ரி கில்லியம் அமெரிக்காவில் கல்லூரிக்குள் நுழைந்தது இயற்பியல் படிக்க. அதை விட்டு ஓவியத்துக்குப் போய், கடைசியில் அரசியல் அறிவியலில் பட்டம் வாங்கினார். தொழிலைக் கற்றுக்கொடுத்தது கல்லூரி நகைச்சுவைப் பத்திரிகை. 1969இல் பிபிசியின் 'மான்ட்டி பைத்தான்' நகைச்சுவைத் தொடருக்கு அனிமேஷன் செய்தபோது ஒவ்வொரு ஃபிரேமாக வரைய நேரமில்லை. பழைய படங்களை வெட்டி, கேமராவுக்கு அடியில் நகர்த்தினார். தொடரின் டைட்டிலில் வந்து மிதிக்கும் ராட்சதப் பாதம், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும், இத்தாலிய ஓவியர் பிரான்சினோ வரைந்த ஓவியத்தின் மன்மதன் கால். 1978இல் அனிமேஷனையே கிண்டலடித்து ஒரு படப்புத்தகம் போட்டார். 1985இல் 'பிரேசில்' என்ற சினிமா எடுத்தார்: ஒரு பூச்சி அச்சு இயந்திரத்தில் விழுந்து பெயரில் ஓர் எழுத்து மாற, சம்பந்தமில்லாத ஆளைப் பிடித்துப் போகிறார்கள். உங்கள் மகன் வரைந்திருக்கும் தாலுகா ஆபீஸும் இதே வகைதான். எது அபத்தம் என்று பார்க்கும் கண் அவனுக்கு இருக்கிறது. அது கோச்சிங்கில் வராது.

இந்த விடுமுறையில் அவன் அந்த வரிசையையே 30 விநாடிப் படமாக வெட்டுச்சித்திர முறையில் எடுக்கட்டும். கிளார்க்கைத் தலை, உடல், மேற்கை, முன்கை என்று சார்ட் அட்டையில் தனித்தனியாக வரைந்து வெட்டி, மூட்டுகளைப் பின்புறம் நூலும் டேப்பும் வைத்து இணைக்க வேண்டும். வெட்டிய விளிம்பில் கறுப்பு மார்க்கர் ஓட்டாவிட்டால் வெள்ளைக் கோடு தெரியும். இரண்டு ஸ்டூலுக்கு நடுவே பலகை வைத்து போனை நேர் கீழே பார்க்க வையுங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்யுங்கள். ஜன்னலை மூடிவிட்டு இருபுறமும் இரண்டு எல்.இ.டி. விளக்கு போதும், வெயில் உள்ளே வந்தால் மேகம் நகரும்போதெல்லாம் படம் மினுக்கும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுக்க வேண்டும்: விநாடிக்கு 12 படம், மொத்தம் 360. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, கையை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நகர்த்துவது. அப்படிச் செய்தால் பொம்மை இயந்திரம் போல அசையும். அசைவின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு மில்லிமீட்டர், நடுவில் ஒரு சென்டிமீட்டர் என்று மாறினால்தான் உயிர் வரும். போன் தவிர ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

இந்தப் படத்தையும் முப்பது நல்ல ஓவியங்களையும் எடுத்துக்கொண்டு தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். அங்கே உயிர்ப்பூட்டல் மற்றும் காட்சிப்பயனில் (அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ்) நான்காண்டு காட்சிக்கலைப் பட்டம் இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் நகைக்கடை வரை போகாது. உறவினர் யாருக்கும் அது தெரிந்திருக்காது, ஊரில் சொல்லிக்கொள்ளவும் பெருமையாக இருக்காது. இடங்கள் குறைவு, அறிவிப்பு வந்த வாரமே படிவம் போட வேண்டும்.

வேலை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டூடியோக்களில் புதியவர்களில் பலர் ரோட்டோவில்தான், அதாவது காட்சியில் இருக்கும் ஆளையோ பொருளையோ ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டுப் பிரித்தெடுக்கும் வேலையில்தான், தொடங்குவார்கள். சம்பளம் குறைவு, டெட்லைன் நேரத்தில் இரவு வேலை. ஸ்டோரிபோர்டு (கதையைக் காட்சி காட்சியாகக் கட்டம் போட்டு வரைவது) வரையத் தெரிந்தவன் அங்கிருந்து சீக்கிரம் மேலே வருவான். அதனால் தினமும் ஒரு பக்கம் வரைவதை நிறுத்தக் கூடாது.

இடம் கிடைக்கவில்லை என்றால்? ஓராண்டு உள்ளூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, மறுபடி முயலட்டும். "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று போர்டு வைத்து லட்சக்கணக்கில் டிப்ளமோ விற்கும் இடத்துக்குக் கடன் வாங்கிப் போகவே கூடாது. அங்கே சொல்லித்தரும் மென்பொருளில் பாதியை பிளெண்டர், கிருதா போன்ற இலவச மென்பொருள்களிலேயே கற்கலாம்.

மாமாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள். பையனை அனுப்பாதீர்கள்.