ஸ்டேசியின் நியூயார்க்கும் என் மகளும்

உங்கள் 12 வயது மகள் ‘பேபி-சிட்டர்ஸ் கிளப்’ என்ற சிறுவர் நாவல் வரிசையில் வந்த ‘ஸ்டேசிஸ் மிஸ்டேக்’ நாவலைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தானும் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாள், இப்படிப்பட்ட மேம்போக்கான அமெரிக்கக் கதைகளை அனுமதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுமதியுங்கள் என்பதே என் பதில்.

நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து அதிக ஆண்டுகள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். பள்ளியில் படிக்கும் பெண் காசு வாங்கிக்கொண்டு பிறர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நம்மவர்களுக்கு முதலில் உறுத்தத்தான் செய்யும். இங்கே அது வளர்ந்துவரும் பிள்ளையிடம் ஊர் ஒப்படைக்கும் முதல் பொறுப்பு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 11 வயதிலிருந்தே இதற்கென்று பயிற்சி வகுப்பு நடத்துகிறது. உங்கள் மகளை முதலில் அதில் சேர்த்துவிடுங்கள்.

ஆன் எம். மார்ட்டின் இந்த வரிசையின் முதல் நாவலை 1986 இல் எழுதினார். நாங்கள் வசிக்கும் நியூ ஜெர்சியில் உள்ள பிரின்ஸ்டன்தான் அவர் பிறந்த ஊர். நான்கு புத்தகங்களோடு முடிப்பதாக இருந்த திட்டம், பிள்ளைகள் விடாமல் கேட்டதால் 130-க்கும் மேற்பட்ட நாவல்களாக வளர்ந்தது. கனெக்டிகட்டில் ஸ்டோனிபுரூக் என்ற கற்பனை ஊரில் சில சிறுமிகள் வாரத்துக்கு மூன்று நாள் மாலை ஐந்தரை மணிக்குக் கிளாடியாவின் அறையில் கூடுகிறார்கள். அவளுக்கு மட்டும் தனித் தொலைபேசி இணைப்பு இருக்கிறது என்பதே அந்த அறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். பெற்றோர்கள் அழைப்பார்கள், யார் போவது என்று முடிவாகும், போய் வந்தவள் அங்கே நடந்ததையெல்லாம் பொது நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். கணக்கில் கெட்டிக்காரியான ஸ்டேசி மெக்கில் பொருளாளர்.

உங்கள் மகள் வாசிக்கும் 18-ஆம் நாவலில் ஸ்டேசி மறுபடியும் நியூயார்க்குக்கே குடிபோய்விட்டாள். அவளுடைய கட்டடத்தில் வசிக்கும் பெரியவர்கள் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருப்பதால், அத்தனை வீட்டுக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள ஸ்டோனிபுரூக் தோழிகளை அழைக்கிறாள். வந்தவர்களோ நகரத்துக்குப் புதியவர்கள். மேரி ஆன் வழிகாட்டிப் புத்தகத்தை ஒப்பித்துக்கொண்டே வருகிறாள், டான் எதைக் கண்டாலும் நடுங்குகிறாள், கிளாடியாவுக்கு ஸ்டேசியின் நகரத்துத் தோழி லேனைக் கண்டு பொறாமை வருகிறது. இந்த மனத்தாங்கல்களுக்கு நடுவிலும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் சென்ட்ரல் பார்க்கிலும் ஒரு குழந்தையும் தவறிப்போகாமல் எண்ணிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. தோழிகளோடு பேச்சு இல்லை என்பதற்காகக் குழந்தையின் கையை விட்டுவிட முடியாது. இதை மேம்போக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் மகளுக்கு 11 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. இனிப்பு அதிகம் தின்றதால் வருவதல்ல. இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் ஒரு வைத்தியம் இருந்தது. பெரியம்மா ஆவாரம்பூக் கஷாயம் என்றார், இன்னொருவர் நாவற்கொட்டைப் பொடி என்றார், வேறொருவர் ஊசியை நிறுத்திவிட்டுத் தன் வைத்தியரிடம் ஒரு மண்டலம் விட்டுப் பார்க்கச் சொன்னார். அவர்களுடைய பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டைப் 1 உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. நான் மருத்துவர் அல்லள், ஆனாலும் இந்த ஒன்றை எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்த நாட்களில்தான் நூலகத்தில் என் மகளின் கைக்கு இந்த வரிசையின் 3-ஆம் நாவலான ‘தி ட்ரூத் அபவுட் ஸ்டேசி’ வந்து சேர்ந்தது. ஸ்டேசிக்கும் அதே நோய். அதிசய மருத்துவம் எங்கேயாவது கிடைக்காதா என்று அவளை ஒவ்வொரு மருத்துவராக இழுத்துக்கொண்டு அலையும் பெற்றோர் அந்தக் கதையில் வருகிறார்கள். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன் லேன் வீட்டில் தூங்கிய இரவில் படுக்கை நனைந்துபோக, அந்த நட்பே முறிந்துபோன கதையும் வருகிறது. அந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு என் மகள் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்து, “இதைப் படிங்கம்மா” என்றாள். அவளுக்கும் அப்படி ஓர் இரவு நேர்ந்திருந்தது, அதைப் பற்றி அதுவரை எவரிடமும் அவள் வாய் திறந்ததில்லை.

அவளைப் பிடித்து நிறுத்தியது ஸ்டேசியின் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நோயாளிப் பிள்ளைகள் வரும் கதைகள் பல உண்டு. அவற்றில் அந்தப் பிள்ளையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணை நம்பி ஊரார் தங்கள் குழந்தைகளை ஒப்படைக்கிறார்கள். எங்கள் பகுதியில் வார இறுதியில் தமிழ் கற்பிக்கும் ஓர் அமைப்பின் ஆண்டு விழாவில், சின்னப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் பதின்ம வயதுத் தன்னார்வலர்களின் பட்டியலிலிருந்து என் மகளின் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். “பாவம், அவளுக்கே யாராவது துணை வேண்டும்” என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்டது இதையல்ல என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அந்தப் பரிவுச் சொல் ஒரு பெண்ணை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

அதற்கடுத்த கோடையில் என் தம்பி குடும்பம் வந்திருந்தபோது, தம்பியின் இரண்டு குழந்தைகளையும் நியூயார்க்கில் தானே பார்த்துக்கொள்வதாக மகள் சொன்னாள். நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து ரயிலில் நியூயார்க்கின் பென் ஸ்டேஷன், அங்கிருந்து சுரங்க ரயிலில் 81-ஆம் தெரு. நானும் தம்பி மனைவியும் தலையிடாமல் சற்றுத் தள்ளியே நடந்தோம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கடல்வாழ் உயிரினக் கூடத்தின் கூரையிலிருந்து 94 அடி நீள நீலத் திமிங்கில மாதிரி தொங்குகிறது. அதன் கீழ் நிற்கும்போது மகளின் கைபேசி ஒலித்தது. கையில் ஒட்டியிருக்கும் சென்சார் சர்க்கரை அளவு 64-க்கு இறங்கிவிட்டதாகக் காட்டியது. 70-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். நான் எழுந்தேன். அவள் என்னைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, பையிலிருந்து ஜூஸ் டப்பாவை எடுத்து உறிஞ்சிக்கொண்டே குழந்தைகளிடம் சொன்னாள்: “அக்காவுக்குச் சுகர் இறங்கியிருக்கு. பதினஞ்சு நிமிஷம் நாம எல்லாரும் இந்தத் திமிங்கிலத்துக்கு அடியிலேயே படுத்திருக்கப் போறோம். யாரும் என் கையை விடக் கூடாது.” மூவரும் தரையில் மல்லாந்து படுத்துத் திமிங்கிலத்தின் வயிற்றில் இருக்கும் வரிகளை எண்ணினார்கள். அளவு ஏறியதைப் பார்த்த பிறகே எழுந்தார்கள்.

அன்று இரவு அவள் தன் நோட்டுப் புத்தகத்தில், கிளப் விதிப்படி, எழுதினாள்: “சின்னவன் டைனோசர் எலும்பைத் தொடப் பார்த்தான். பெரியவளுக்கு ரயில் சத்தம் பிடிக்காது. அடுத்த தடவை கூடுதலாக இரண்டு ஜூஸ்.”

இதெல்லாம் இலக்கியமா என்று கேட்பவர்கள் வருவார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு வேறு எழுத்தாளர்களும் இந்த வரிசையில் எழுதினார்கள், நடை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும், எல்லாம் உண்மை. அதே மார்ட்டினின் ‘எ கார்னர் ஆஃப் தி யூனிவர்ஸ்’ நாவலுக்கு 2003 இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி கௌரவம் கிடைத்தது. அந்த நாவலோடு ஒப்பிட்டால் இவை எளியவைதான். ஆனால் தனக்குத் தேவையான புத்தகத்தைத் தானே கண்டெடுத்த பிள்ளையிடம் போய்த் தரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. ஸ்டேசியின் உணவுக் கட்டுப்பாடும் ஊசி நேரமும் 1980களின் சிகிச்சை முறையைச் சேர்ந்தவை. இப்போது சாப்பிடும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ப இன்சுலின் எடுத்துக்கொள்கிறார்கள், பிறந்தநாள் கேக்கும் விலக்கல்ல. உங்கள் மகளின் வகுப்பில் டைப் 1 உள்ள பிள்ளை யாராவது இருந்தால், அவள் நாவலில் வாசித்ததை வைத்து “நீ இதைச் சாப்பிடக் கூடாதே” என்று சொல்லிவிடாமல் இருக்க இதை விளக்கிவிடுங்கள்.

அடுத்து என்ன கொடுப்பது என்றால், 3-ஆம் நாவலைக் கொடுங்கள். ரெய்னா டெல்கெமையர் வரைந்து 2006 இல் வந்த அதன் சித்திரக்கதை வடிவமும் நூலகங்களில் எளிதாகக் கிடைக்கும். ஸ்டேசி நியூயார்க்கில் மருத்துவமனையில் சேரும் 43-ஆம் நாவலைச் சிறிது காலம் கழித்து, நீங்களும் கூட உட்கார்ந்து வாசிக்கக்கூடிய ஒரு வாரத்தில் கொடுங்கள்.