ஃபாகர் போட்ட பிறகும் கோழி சாவது ஏன்?

கேள்வி: பல்லடம் பக்கம் 3,000 கறிக்கோழி வளர்க்கிறேன். கிழக்கு மேற்காக அமைந்த கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலுக்காக இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஈரச்சாக்கு கட்டி, ஃபாகரும் (தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் கருவி) போட்டேன். ஆனாலும் கோழிக்கு 32 நாள் தாண்டியதிலிருந்து தினமும் பிற்பகலில் 15, 20 கோழி சாகிறது. அதுவும் பெரிய கோழியாகப் பார்த்துப் போகிறது. ஈசி ஷெட்டாக (எல்லாப் பக்கமும் மூடி, ஃபேன் வைத்துக் குளிரவைக்கும் கொட்டகை) மாற்றினால்தான் தீருமா?

பதில்: ஷெட்டை மாற்றுவது இருக்கட்டும், முதலில் அந்தச் சாக்கைச் சுருட்டிக் கட்டுங்கள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வெளியே 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் வாயைத் திறந்து மூச்சிரைத்து, மூச்சோடு போகும் ஈரத்தால்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சுற்றியுள்ள காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் எவ்வளவு மூச்சிரைத்தாலும் பயனில்லை. நீங்கள் பக்கங்களை மூடிவிட்டு உள்ளே தண்ணீரைத் தெளிக்கிறீர்கள். இட்லிப் பானையும் இப்படித்தான் வேலை செய்கிறது. பெரிய கோழி முதலில் சாவதற்குக் காரணம், அதன் உடம்பில் உண்டாகும் சூடு அதிகம், வெளியேற வழி குறைவு.

ஃபாகர் கெட்ட சாமான் இல்லை. உங்கள் பகுதியில் சித்திரையில் பகல் காற்று வறண்டுதான் இருக்கும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காற்று ஓட வேண்டும். வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும், அதுவும் மேல் பாதிக்கு மட்டும் சாக்கு போதும். கோழி உட்காரும் உயரத்தில் காற்று தடையில்லாமல் புக வேண்டும். காற்றே அசையாத நாளில் ஃபேன்களை ஒரே திசை பார்த்து, கோழியின் மேல் படும்படி தாழ்வாக வையுங்கள். ஃபாகரை இரண்டு நிமிடம் ஓட்டிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டி, 70 சதவீதத்தைத் தாண்டினால் ஃபாகரை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். தரையில் பரப்பிய படுக்கை நனைந்தால் அம்மோனியா கிளம்பும், அது தனித் தொல்லை.

அடுத்து, காசே செலவில்லாத விஷயம், தீவன நேரம். தின்ற தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு கிளம்பும். பத்து மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு அந்தச் சூடும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அதனால் காலை ஒன்பது மணிக்கே தீவனத் தொட்டிகளைத் தூக்கிக் கட்டிவிட்டு, மாலை ஐந்துக்கு மேல் இறக்குங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு விளக்கைப் போட்டால் குளிர்ச்சியில் நன்றாகத் தின்னும். எடை குறையுமே என்று பண்ணைக்காரர்கள் தயங்குவார்கள். கொஞ்சம் குறையலாம், ஆனால் இரண்டு கிலோ கோழி செத்தால் மொத்தமும் போச்சு.

தண்ணீர்த் தொட்டிக்குள் மதியம் இரண்டு மணிக்குக் கை விட்டுப் பாருங்கள். வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியாக இருந்தால் கை சுடும். அந்தத் தண்ணீரைக் கோழி சரியாகக் குடிக்காது. தொட்டிக்கு நிழல் போடுங்கள், குழாய்களில் தேங்கிய சூட்டுத் தண்ணீரை மதியம் இரண்டு மூன்று முறை திறந்துவிடுங்கள். எலக்ட்ரோலைட், வைட்டமின் சி எல்லாம் அப்புறம்தான்.

கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, மேலே தென்னங்கீற்று பரப்பி, பதினொரு மணியிலிருந்து நான்கு வரை ஸ்பிரிங்க்ளர் விட்டால் உள்ளே வித்தியாசம் தெரியும். மதியத்தில் கோழியை விரட்டாதீர்கள். மெதுவாக நடந்து எழுப்பிவிட்டால் மட்டும் போதும், வயிற்றுக்கடியில் அடைந்த சூடு வெளியேறும். அடுத்த கோடை பேட்ச்சில் கோழிக்கு ஒரு சதுர அடி என்ற கணக்கை 1.25 ஆக்குங்கள்.

இவ்வளவும் செய்து, இரவிலும் காலையிலும்கூடக் கோழி செத்தால் அது வெயில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். செத்த கோழியோடு கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஈசி ஷெட் நல்லதுதான். ஆனால் எல்லாப் பக்கமும் மூடிய கொட்டகை அது, கோழி மூச்சுவிடுவதே ஃபேனை நம்பி. மதியம் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடாவிட்டால், 20 கோழியோடு நிற்காது. 3,000 கோழிக்கு அந்தச் செலவு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து.