டெவலப்பருக்குப் பர்சனல் பிராண்ட் எதற்கு, எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பதினான்கு வருடமாக பேக்எண்ட் வேலை (பயனர் கண்ணில் படாத சர்வர் பக்க நிரல்) செய்கிறேன், பத்து வருடமாகத் தொழில்நுட்பக் குறிப்புகள் எழுதுகிறேன். ஆள் எடுக்கிற பக்கமும் நிறைய தடவை உட்கார்ந்திருக்கிறேன். இந்த அனுபவத்துக்குள் வருகிற கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, இதெல்லாம் விளம்பரம்தானே? வேலையை ஒழுங்காகச் செய்தால் போதாதா?

உங்கள் டீமுக்குள் போதும். ஆனால் நீங்கள் எழுதிய கோட் எல்லாம் அலுவலக ரெப்போவில் (கோட் சேமித்து வைக்கும் இடம்) பூட்டிக் கிடக்கிறது. இடம் மாறும்போது உங்கள் திறமைக்குச் சாட்சி சொல்ல அங்கிருந்து எதுவும் கூட வராது. அந்தச் சாட்சியை நீங்களேதான் வெளியே உண்டாக்க வேண்டும். பிராண்ட் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு தடவை வாடிக்கையாளர்களுக்குப் பில் இரண்டு முறை போய்விட்டது. குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்ட நாங்களே எழுதிய ஷெட்யூலர் உள்ளூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிற இரவில் 1:30 இரண்டு முறை வரும். வேலையும் இரண்டு முறை ஓடியது. நேரத்தை யூடிசிக்கு, அதாவது கோடையிலும் மாறாத உலகப் பொது நேரத்துக்கு மாற்றினோம். ஒரே பில் மறுபடி போகாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுத்தோம். மேலாளரிடம் அனுமதி கேட்டு, நிறுவனத்தின் பெயரையும் கோட் வரிகளையும் எடுத்துவிட்டு, இதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதினேன். இரண்டு வருடம் கழித்து வேறொரு நேர்முகத்தில், எதிரே இருந்தவர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார். முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.

அதே சிக்கலில் நாளைக்கு மாட்டப்போகிற ஒருவரை மனதில் வைத்து எழுதுங்கள். உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

கேள்வி: பேமெண்ட் டீமில் இருக்கிறேன். ப்ரொஃபைலில் "ஆர்வமுள்ள ஃபுல் ஸ்டாக் டெவலப்பர், புதியன கற்பதில் விருப்பம்" என்று போட்டிருக்கிறேன். சரியா?

சரியில்லை. பத்தில் எட்டுப் பேர் இதையேதான் போடுகிறார்கள். நீங்கள் பேமெண்ட் டீமில் இருப்பதாகச் சொன்னீர்கள். "ஒரே பணம் இரண்டு தடவை கழியாமல் பார்த்துக்கொள்கிற பேக்எண்ட் வேலை செய்கிறேன்" என்று எழுதிப் பாருங்கள். படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி கேட்கத் தோன்றும்.

கேள்வி: என் கிட்ஹப் பக்கத்தில் பச்சைக் கட்டங்களே இல்லை. தினமும் கமிட் போட்டு நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். கிட் என்பது கோட் மாற்றங்களைப் பதிவு செய்கிற கருவி, ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். கிட்ஹப் அந்தக் கோட் இருக்கிற தளம், கமிட் போட்ட நாளின் கட்டத்தைப் பச்சையாகக் காட்டும். முதலில் உங்கள் மெஷினில் கிட்டுக்குக் கொடுத்த மின்னஞ்சலும் கிட்ஹப் கணக்கில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் உங்கள் கமிட் உங்கள் கணக்கில் சேராது. ஃபோர்க்கில் (பிறர் திட்டத்தின் உங்கள் நகலில்) போட்ட கமிட்டும், திட்டத்தின் மெயின் கிளையில் சேராமல் வேறு கிளையிலேயே நிற்பதும் பொதுவாகக் கணக்கில் வராது. உழைப்பு இருந்தும் கட்டம் வெறுமையாக இருக்க இப்படிப் பல காரணம் உண்டு.

இதற்கு நேர்மாறும் நடக்கும். கமிட்டுக்கு எந்தத் தேதியை வேண்டுமானாலும் கொடுக்க கிட் விடும். சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றால் ஒரு வருடக் கட்டத்தையும் சில நிமிடங்களில் பச்சையாக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் அதை வைத்து ஆளை எடை போடுவதில்லை. எத்தனை நாள் தொடர்ச்சியாக என்று காட்டிய எண்ணிக்கையை கிட்ஹப்பே 2016-ல் எடுத்துவிட்டது.

கேள்வி: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா. 200 நாள் விடாமல் கமிட் போட்டேன், வேலை கிடைத்தது. ஒழுக்கத்தைக் குறைத்துப் பேசாதீர்கள்.

ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள், நேர்முகத்தில் எதைப் பற்றிக் கேட்டார்கள்?

அவரே: நான் எழுதிய ஒரு லைப்ரரியின் (மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) ரீட்மீயை, அதாவது அறிமுகக் கோப்பைப் பற்றியும், ஒரு பிழையை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றும் கேட்டார்கள். ஆனால் தினமும் உட்காராமல் இருந்திருந்தால் அந்த லைப்ரரியே இருந்திருக்காது.

இரண்டாவது வாக்கியம் முழுக்க உண்மை, அதை ஏற்றுக்கொள்கிறேன். தினமும் உட்காருவது உங்களுக்குப் பழக்கத்தைக் கொடுத்தது, வேலையைக் கொடுத்தது லைப்ரரி. கட்டத்துக்காக உட்காருகிறவர் ரீட்மீயில் ஒரு காற்புள்ளியை மாற்றி நாளை முடித்துவிடுவார். எனக்குப் பயம் அங்கேதான்.

இன்னொருவர்: நான் ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தை (கோட் எல்லோருக்கும் திறந்திருக்கும்) பராமரிக்கிறேன். அந்தக் காற்புள்ளிகள் எங்கள் தலையில்தான் வந்து விழுகின்றன. 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா?

நன்றாக இருக்கிறது. ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிக்கத் தூண்டுகிற அக்டோபர் நிகழ்வு அது. நான்கு புல் ரெக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று திட்டத்துக்கு அனுப்புகிற கோரிக்கை) போட்டால் டி-ஷர்ட் என்றார்கள். ரீட்மீயில் "அருமையான" என்று ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்புகிற கூட்டமே கிளம்பிவிட்டது. பராமரிப்பவர்கள் கொதித்ததில், அந்த அக்டோபர் தொடக்கத்திலேயே விதியை மாற்றினார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் வரும் என்றானது. இந்த மாதிரி புல் ரெக்வெஸ்டிலும் உங்கள் பெயர் இருக்கும். பராமரிப்பவர் மனதில் அது எப்படிப் பதியும் என்று யோசியுங்கள். ஒரு திட்டத்துக்குள் நுழைய வேண்டுமானால், அங்கே திறந்திருக்கிற ஒரு பிழையை உங்கள் மெஷினில் வரவழைத்துப் பார்த்து, எந்தெந்தப் படியில் வருகிறது என்று எழுதிப் போடுங்கள். கோட் எழுதவே வேண்டாம். பராமரிப்பவருக்குப் பெரும்பாலும் அதுதான் பெரிய உதவி.

கேள்வி: அப்போது வருடத்துக்கு எத்தனை கட்டம் பச்சையாக இருந்தால் போதும்?

மேலே சொல்லியாகிவிட்டது. கட்டக் கேள்விகளுக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: ஆங்கிலம் தடுமாறுகிறது. தமிழில் எழுதினால் மதிப்பு இருக்குமா?

தாராளமாக எழுதுங்கள். பிழைச் செய்தியை மட்டும் திரையில் வந்தபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒட்டுங்கள். மாட்டிக்கொண்டவர் அதைத்தான் தேடுவார். எது வந்தது, எதை எல்லாம் முயன்று தோற்றீர்கள், கடைசியில் எது தீர்த்தது என்ற வரிசையில் எழுதினால் எந்த மொழியிலும் படிப்பார்கள். தோற்றதைத் தவிர்க்காதீர்கள். உங்கள் யோசனை எப்படி ஓடியது என்பது அங்கேதான் தெரியும்.

கேள்வி: எந்தத் தளத்தில் எழுதுவது?

சொந்த டொமைனில் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் இணைப்பைப் பகிருங்கள். இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடியது, சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-ல். அங்கே மட்டும் எழுதி வைத்தவர்கள் அவசர அவசரமாக மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

கேள்வி: ஏஐயை வைத்துத் தினம் ஒரு பதிவு போடலாமா?

எழுத்துப்பிழை திருத்தக் கொடுங்கள், தப்பில்லை. நீங்கள் பார்க்காத பிழையைப் பார்த்த மாதிரி எழுதவைத்தால், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அலுவலகத்தில் எழுதிய கோட் வரிகளைப் பேர் மாற்றி என் ரெப்போவில் வைக்கலாமா?

கூடாது. பேர் மாற்றினாலும் அது அவர்கள் சொத்து. வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து என்ற பகுதியை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். சில ஒப்பந்தங்கள் சொந்த நேரத்தில் எழுதியதையும் உள்ளே இழுக்கும். புரியாவிட்டால் வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

கேள்வி: இரவு எந்த நேரத்தில் பதிவு போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள்?

அது என் துறை இல்லை.

கேள்வி: அலுவலக கோட் வேண்டாம், அதன் கான்ஃபிக் ஃபைலை (அமைப்புகள் உள்ள கோப்பு) மட்டும் மாதிரிக்கு வைக்கலாமா?

அதுவும் கூடாது. கான்ஃபிக்கில்தான் சாவியும் கடவுச்சொல்லும் இருக்கும்.

கேள்வி: அக்கா, இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. போன வாரம் என் சொந்தத் திட்டத்தில் கிளவுட் ஏபிஐ கீயோடு (கிளவுட் கணக்கைப் பயன்படுத்த வைக்கும் ரகசியச் சாவி) கமிட் போட்டுவிட்டேன். பப்ளிக் ரெப்போ. அடுத்த கமிட்டில் அழித்துவிட்டேன். போதும்தானே?

போதாது. மற்ற கேள்விகள் இருக்கட்டும், இதை முதலில் முடிப்போம். அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், வரலாற்றைத் திறந்தால் யாரும் எடுக்கலாம். பப்ளிக் ரெப்போக்களில் சாவி தேடியே ஓடுகிற பாட்கள் (தானியங்கி நிரல்கள்) உண்டு. ரெப்போவைத் தொடாதீர்கள், முதலில் கிளவுட் கணக்குக்குள் போய் அந்தக் கீயை முடக்குங்கள். அப்புறம் புதுக் கீ எடுங்கள். போன வார பில்லையும் லாக்கையும் (கணக்கில் நடந்தவற்றின் பதிவு) பாருங்கள், உங்களுக்குத் தெரியாத மெஷின் ஏதாவது ஓடுகிறதா என்று. வரலாற்றைச் சுத்தம் செய்வது கடைசி வேலை. முடக்கியதும் இங்கே ஒரு வரி போடுங்கள், காத்திருக்கிறேன்.

அவரே: முடக்கிவிட்டேன் அக்கா. லாக்கில் வேறு யாரும் இல்லை.

அப்பாடா. இன்று இரவே இதைக் குறிப்பாக எழுதிவிடுங்கள், கை நடுக்கம் ஞாபகத்தில் இருக்கும்போதே.