பழைய ஏற்பாட்டில் ஏழைகளுக்குக் கொடுப்பது என்றால் தசமபாகம் மட்டும்தானா?

தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள் என்னும் மல்கியா 3:10-ஐத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, "பத்தில் ஒன்றைக் கொடுத்தாயிற்று, ஏழைக்கான கடமையும் அதோடு தீர்ந்ததா?" என்ற குழப்பத்தில் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். தீரவில்லை.

தசமபாகத்தையே முதலில் பார்த்துவிடலாம். உபாகமம் 14-ன்படி விளைச்சலில் பத்தில் ஒன்றை ஆண்டவர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய், விளைவித்தவனே தன் வீட்டாரோடு சாப்பிட வேண்டும். தூரம் அதிகமென்றால் விற்றுக் காசாக்கிக்கொண்டு போகலாம். மூன்றாம் வருஷம் மட்டும் அந்தப் பங்கு ஊர் எல்லையைத் தாண்டாது. ஊர் வாசலில் வைக்கப்படும். ஆலயப் பணிக்கான கோத்திரத்தைச் சேர்ந்த, நிலமில்லாத லேவியன், பரதேசி (வேற்று நாட்டான்), திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோர் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும் (14:28-29). யூத ரபிகள் (வேத போதகர்கள்) இதை 7 வருஷச் சுற்றில் 3-ஆம், 6-ஆம் வருஷங்கள் என்று வகுத்தார்கள். லேவியருக்கான எண்ணாகமம் 18-ன் தசமபாகம் தனிக்கணக்கு. சபைக்குக் காணிக்கை கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மல்கியாவைப் பிரசங்கிக்கிறவர்கள் உபாகமம் 14:28-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

உண்மையான கனம் வயலில் இருக்கிறது. லேவியராகமம் 19:9-10, உபாகமம் 24:19-21 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வயலின் ஓரத்தை அறுக்கக்கூடாது. அறுக்கும்போது சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது. மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. ஒலிவ மரத்தை ஒருமுறை உதிர்த்தபின் கிளை கிளையாக மறுபடி தேடக்கூடாது.

எவ்வளவு என்று வேதம் சொல்லவில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட, ரபிகளின் சட்ட நூலான மிஷ்னா சொல்கிறது: ஓரத்துக்குக் குறைந்தது 60-இல் ஒரு பங்கு, வயலின் அளவையும் ஏழைகளின் எண்ணிக்கையையும் பார்த்து அதற்கு மேலும் விட வேண்டும். ஒன்றிரண்டு கதிர் சேர்ந்து விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் உடையவனுக்கு. அறுக்கிறவன் கையில் முள் குத்தி, பிடித்திருந்த கதிர் விழுந்துவிட்டால் அது சிந்தியதில் சேராது, உடையவனுடையதுதான். ஏழைகள் பொறுக்க வரும் வேளை நாளுக்கு மூன்று: காலை, மதியம், சாயங்காலம். ஓரத்துக் கதிரை அரிவாளால் அறுக்கவும் மண்வெட்டியால் பிடுங்கவும் கூடாது, ஏனென்றால் கூட்டத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளக்கூடும். பேரீச்சைக்கும் பந்தலில் படர்ந்த திராட்சைக்கும் விதிவிலக்கு. ஏறுவது ஆபத்து என்பதால் உடையவனே இறக்கிப் பங்கிட வேண்டும்.

ஓரத்துப் பங்கை ஏன் வயலின் கடைசியில் விட வேண்டும்? நடுவில் எங்காவது விட்டால், ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் சொந்தக்கார ஏழைக்கு "வந்து எடுத்துக்கொள்" என்று சொல்லிவிடலாம். மற்ற ஏழைகளும் எப்போது விடுவானோ என்று நாளெல்லாம் காவல் கிடக்க வேண்டும். ஒருவனைப் பொறுக்க விட்டு இன்னொருவனைத் தடுத்தாலோ, ஒருவனுக்கு மட்டும் உதவி செய்தாலோ, அந்த உடையவன் ஏழைகளைக் கொள்ளையடிக்கிறவன் என்கிறது மிஷ்னா. அந்தக் கதிர் ஏழையினுடையது. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கூட நிலக்காரனுக்கு இல்லை. கதிர் பொறுக்க வந்த விதவை ரூத்துக்காக அரிகளிலிருந்தே உருவிப் போடச் சொன்ன நிலக்காரன் போவாஸ் தன் சொந்தப் பங்கிலிருந்து கூடுதலாகக் கொடுத்தான், அதனால் அது இந்த விதிக்குள் வராது.

"இதெல்லாம் விவசாயக் காலத்துச் சட்டம், நமக்கு எதற்கு?" என்பீர்கள். அப்படியானால் கடனைப் பாருங்கள். ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி கிடையாது. திரிகைக்கல்லை அடகு வாங்கக்கூடாது, அன்றன்றைய மாவு அதில்தான் அரைபட வேண்டும். கடன் கொடுத்தவன் அடகு எடுக்க வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே கொண்டுவந்து தருவான். அடகு வைத்தது ஏழையின் போர்வை என்றால் பொழுது சாயும்போது திருப்பித் தர வேண்டும் (உபாகமம் 24:6-13). 1960-இல் இஸ்ரேலின் யாவ்னே-யாம் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோட்டையில் மை எழுத்துள்ள பானை ஓடு கிடைத்தது, கி.மு. 7-ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. என் வேலையை முடித்துவிட்டேன், ஆனாலும் ஹோஷயாகு என்பவன் என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டான், என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள் என்கிறான். துணியைப் பிடித்துவைப்பது அன்று எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்பது இதில் தெரிகிறது. அடகு வஸ்திரங்களை விரித்துப் பலிபீடங்களின் அருகே படுத்துக்கொள்கிறார்கள் என்று தீர்க்கதரிசி ஆமோஸ் (2:8) சீறுவதும் இதைத்தான்.

சட்டம் நினைத்தபடியே எல்லாம் நடந்துவிடவில்லை. 7-ஆம் வருஷம் கடன் தள்ளுபடி. அது நெருங்கியதும் பணக்காரர்கள் கையை மூடிக்கொண்டார்கள். உபாகமம் 15:9 இதை முன்கூட்டியே எச்சரித்தும் பயனில்லை. கடைசியில் ஹில்லேல் என்ற ரபி, கடன் பத்திரத்தை நியாயாதிபதிகளிடம் ஒப்படைத்தால் தள்ளுபடி ஆகாது என்று ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. ஏழைக்குக் கடன் கிடைக்காமலே போவதைவிட இது மேல் என்று நினைத்தார். அவர் செய்தது சரி என்பதே என் எண்ணம். மாற்றுக்கருத்து இருப்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

ஏழை என்பதற்காகத் தீர்ப்பை அவன் பக்கம் சாய்ப்பதையும் வேதம் தடுக்கிறது (யாத்திராகமம் 23:3). மூன்று வசனம் தள்ளி, அவன் நியாயத்தைப் புரட்டாதே என்றும் சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து வாதாடுகிறவர்களை நம்பாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமலிருக்க முடியவில்லை. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் ஆசீர்வாத வசனங்களாகவே வருகின்றன. எப்பா என்ற தானிய அளவையைச் சிறிதாக்கி, சேக்கல் என்ற எடைக்கல்லைப் பெரிதாக்கி, கோதுமையின் பதரையும் விற்கிறவர்களைக் கண்டிக்கும் ஆமோஸ் 8:5-6 எந்த அட்டையிலாவது வருமா? கடை வைத்திருக்கும் விசுவாசி வருஷத்துக்கு ஒருமுறையாவது படிக்க வேண்டிய வசனம் அது.

படிக்கத் தொடங்குவதென்றால் உபாகமம் 24-ஐ முதலில் எடுங்கள், 15-ஆம் வசனத்தில் நின்று படியுங்கள்: கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும். அடுத்து லேவியராகமம் 19, 25. அதன்பின் ரூத் 2. தீர்க்கதரிசிகளை இவற்றுக்குப் பிறகு எடுத்தால், எந்தச் சட்டம் மீறப்பட்டதற்காகக் கோபப்படுகிறார்கள் என்பது வசனத்துக்கு வசனம் புரியும்.